முதல் துளியைச் சுண்டிய விரல்

1

18 ஏப்ரல் 2025, வெள்ளி. அபுதாபி.

ஒரு சிறு தவறு. புதன்கிழமை மாலை, கதை எழுதும் வகுப்பில் நான் வாசித்த வரைவில், ஜார்ஜியாவின் திராட்சைத் தோட்டத்தில் பழங்களைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தேன். வகுப்பில் என் பக்கத்து நாற்காலி நஜீஹாவுடையது. காயல்பட்டினத்துக்காரர், இங்கே பள்ளி ஆசிரியை. நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்: "பெருநாள் லீவுல அங்க ஏது பழம்? கொடியெல்லாம் காஞ்ச குச்சியால்ல நிக்கும். நாங்களும் போயிட்டு வந்தோம்ல. ஒயின் பக்கம் போகல, தோட்டத்தப் பார்க்காம வரமுடியுமா?"

பழங்களை இறக்கிவிட்டேன். இப்போது தோட்டத்தில் குச்சிகள்தான் நிற்கின்றன.

நான் அந்த நாட்டுக்குப் போனதில்லை. இந்தக் கதை எனக்கு இங்கே முசஃபா தொழிற்பேட்டையில், நான் வேறு இருவரோடு தங்கியிருக்கும் ரூமில் கிடைத்தது. எங்கள் கம்பெனியின் சீனியர் எஞ்சினியர் ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வருவார். இரண்டு பெக், வறுத்த கடலை, ஊர்க்கதை. பிறகு ஏலக்காயை மென்றுகொண்டே வீட்டுக்குக் கிளம்புவார். வீட்டைப் பொறுத்தவரை அவர் அந்நேரம் சைட் மீட்டிங்கில் இருக்கிறார். பெருநாள் லீவு முடிந்து வந்த சனிக்கிழமையும் வந்தார், கிளாஸைத் தொடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீதான் கதை எழுதுற ஆளாச்சே, எழுதிக்க. பேர மட்டும் மாத்திரு" என்றார்.

மாற்றிவிட்டேன். முத்துராமன், அவர் மனைவி பத்மா.

2

முதல் தொடக்கம்: காகசஸ் மலைகளின் மடியில் அந்திச் சூரியன்

(நிறுத்திவிட்டேன். அந்த மலையின் மடி எனக்குத் தெரியாது.)

இரண்டாவது: பொய் என்பது ஒரு வகையில்

(இதுவும் வேண்டாம். கட்டுரைப் போட்டி வாசனை அடிக்கிறது.)

மூன்றாவது, நேராக:

முத்துராமனுக்கு ஆபத்து உறைத்தது வேனில் ஏறிய பிறகுதான். மகள் அனன்யா கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபடி புக் செய்து அனுப்பிய பேக்கேஜ் அது. மலை, சர்ச், பனி என்று படங்களை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லியிருந்தார். வேன் கிளம்பியதும் கைடு திரும்பி, இன்று மூன்று ஒயினரி, மூன்றிலும் ருசி பார்க்கலாம் என்றான்.

பெண் பார்க்கப் போன அன்று பத்மா அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி, குடிப்பீர்களா என்று. இல்லை என்றார். அன்றைக்கு அது உண்மை. பின்னால் உண்மை மாறியபோது, அதைப் போய்ச் சொல்ல ஒரு நல்ல நாள் அமையவே இல்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பத்மா தன்னோடு இத்தனை வருஷம் இருக்கிறாள் என்று அவர் முழுமனதாக நம்பினார். அது உடைந்தால் தன் மற்ற சொற்களும் அவளுக்குச் செல்லாது என்ற பயம் அவருக்கு.

3

ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் அறை குளிர்ச்சியாக இருந்தது. நீள மேசை, ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆளுக்கு மூன்று கிளாஸ். தரையில் வட்ட வட்டமாக மூடிகள். ஒயினரி நடத்தும் வீட்டுப் பெண் நீனோ ஒரு மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே கழுத்துவரை புதைந்த பெரிய மண்தாழி. அதில்தான் ஒயின் ஊறுகிறதாம்.

பத்மா எட்டிப் பார்த்தாள். "நம்ம ஊர்ல அந்தக் காலத்துல இதுக்குள்ள ஆளையே வச்சுப் புதைச்சாங்க. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

"சும்மா இரு பத்மா. சாப்பிடுற இடத்துல."

நீனோ ஊற்ற வந்தாள். முத்துராமன் இரண்டு கையாலும் கிளாஸை மூடினார். நோ, நோ, எங்களுக்குப் பழக்கமில்லை. நீனோவின் முகம் வாடிப்போயிற்று. இது கடையில் வாங்கியதில்லை, எங்கள் வீட்டிலேயே செய்தது என்றாள்.

"பாவங்க, முகத்தைப் பாருங்க. ஒரு வாய் வையுங்க. கஷாயம்னு நெனச்சுக்கங்க" என்றாள் பத்மா.

"எனக்கு ஒத்துக்குமான்னே தெரியலையே."

"ஒத்துக்கும், ஒத்துக்கும்."

அவர் கிளாஸை எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறை குடிப்பவன் எப்படி எடுப்பான் என்று யோசித்து, அடியிலும் மேலுமாகக் கோணலாகப் பிடித்தார். மூக்கைச் சுளித்தார். கண்ணை இடுக்கினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவருடைய வலதுகை மோதிர விரல், அவரைக் கேட்காமலே, ஒயினுக்குள் நுனியை நனைத்து ஒரு துளியைத் தரையில் சுண்டிவிட்டது.*

* குடிக்கும் முன் ஒரு சொட்டை ஏன் சுண்டுகிறார்கள் என்று ரூமில் விசாரித்தேன். பூமித்தாய்க்கு என்றார் ஒருவர். செத்துப்போன கூட்டாளிகளுக்கு என்றார் இன்னொருவர். தமிழ்நாட்டில் எந்தக் கடையில் போய் நின்றாலும் இதைப் பார்க்கலாம்; காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். முதல்முறை குடிப்பவன் இதைச் செய்வதில்லை.

"இது என்ன, பிரார்த்தனையா?" நீனோ ஆர்வமாகக் கேட்டாள்.

முத்துராமன் அந்த விரலை அவசரமாகச் சட்டையில் துடைத்தார்.

பத்மா தரையில் கிடந்த துளியைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு நீனோ பக்கம் திரும்பி, தன் ஸ்கூல் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள்: "ஆமாம், பிரார்த்தனை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் செய்வார்."

சொல்லிவிட்டுத் தன் கிளாஸை எடுத்து, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள், ரயிலில் தண்ணீர் குடிப்பதுபோல. பாதி வாய்க்குள், பாதி ஸ்வெட்டரில். அறையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

"சீ, காடியாட்டம் இருக்கு. இதுக்காங்க வாராவாரம் முசஃபாவுக்கு ஓடுறீங்க?"

4

இங்கேதான் எனக்குச் சந்தேகம். பத்மாவுக்கு எப்போதிலிருந்து தெரியும்? தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? முந்தைய வரைவில் அவள் அந்த நிமிஷத்தில்தான் கண்டுபிடிப்பதாக எழுதியிருந்தேன். நஜீஹா சிரித்துவிட்டார்.

"சைட் மீட்டிங்ல இருந்து ஏலக்கா வாசத்தோட யாரு வருவா? எங்க வீட்டுப் பாயாசத்துலகூட அவ்வளவு போடமாட்டோம். அந்தம்மாவுக்கு மொத வாரமே தெரிஞ்சிருக்கும் தம்பி. உங்களுக்குத்தான் பொம்பளைங்களை எழுதத் தெரியல."

உண்மையாக இருக்கலாம். அவள் மனதுக்குள் போக என்னிடம் வழியில்லை. என்னிடம் இருப்பது அவர் சொன்னது மட்டும். அதுவும் கைதட்டலோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "மத்த ரெண்டு ஒயினரிக்கும் போனோம்" என்றார்.

5

ஆகவே முடிவுகளை நானே செய்து பார்த்தேன்.

அ) வேனில் பத்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுகிறாள். அடித்துவிட்டேன். அன்று ரூமில் நடந்ததைச் சொன்னபோது முத்துராமன் அண்ணன் முகம், மனைவியை அழவைத்தவர் முகமாக இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவர் முகமாக இருந்தது.

ஆ) ஒரு பாட்டில் வாங்கி வருகிறார்கள். இனிச் சனிக்கிழமைகளில் அவர் வீட்டு பால்கனியில், இருவரும், கடலையோடு. அழகான முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ரூமுக்கு அவர் வரமாட்டார் அல்லவா?

இ) இந்த இடம்வரை எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புது நம்பர்.

"பாலமுரளி தம்பிதானே? நான் உங்க முத்துராமன் சார் வீட்ல பேசுறேன்." (அசல் பெயரைத்தான் சொன்னார்.)

எழுந்து நின்றுவிட்டேன். "சொல்லுங்கக்கா."

"கதையெல்லாம் எழுதுறீங்களாமே. எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"பத்மான்னு, அக்கா."

"பரவால்ல, இருக்கட்டும். நாளைக்கு அவரோட நானும் வர்றேன். அந்த சைட்ட ஒருதரம் பாக்கணும்."

"அக்கா, அது வந்து, பேச்சிலர் ரூமு..."

"தெரியும். நீங்க ஒண்ணும் சமைக்க வேணாம். மீன் வறுத்துக் கொண்டாறேன்."

"அண்ணனுக்குத் தெரியுமாக்கா?"

"அவரு எல்லாத்தையும் எங்கிட்டச் சொன்னாரா தம்பி?"

வைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. சிரிப்பு இருந்ததா என்று கேட்டால், என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

6

முடிவை நான் எழுதப்போவதில்லை. அவர் மீன் தட்டை நடுவில் வைத்துவிட்டுக் கணவரின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போகலாம். எங்களோடு உட்கார்ந்து இன்னொரு முறை அண்ணாந்து ஊற்றிப் பார்க்கலாம். அண்ணன் வாசலிலேயே மயங்கி விழலாம். நாளை சாயங்காலம்வரை மூன்றும் சரிதான். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளை: காலையில் பாத்ரூம் கழுவ வேண்டும். பால்கனிக் கொடியில் கிடக்கும் பனியன்களை உள்ளே எடுக்க வேண்டும். எதிர் ரூமில் சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்று இரவல் கேட்க வேண்டும்.