இரவல் வாங்கிய ராமர்

நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அப்போது நான் சேலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் வாத்தியார். 1936-ல் பழைய ஓவியங்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தேன். பெரிய வீடுகளில் பூட்டிக் கிடந்த படங்களை நாலு பேர் பார்க்கட்டும் என்று படியேறிக் கெஞ்சி, பதினோரு படங்கள் இரவல் வாங்கினேன். வாசலில் 'அனைவரும் வருக' என்று என் கையாலேயே எழுதி மாட்டினேன். பெரிய தாராள மனசுக்காரன் என்று நினைப்பு எனக்கு!

நாமக்கல் பக்கத்துப் பெரிய நிலக்காரர் மிட்டாதார் சின்னண்ணன் தந்தது தஞ்சாவூர்ப் பட்டாபிஷேக ராமர். நூறு வருஷத்துப் படம். தங்க ரேக்கு மங்கவேயில்லை. சாக்குத் துணியில் கட்டிய அந்தப் படத்தை வண்டியிலிருந்து தலையில் சுமந்து வந்து இறக்கியவர் அவருடைய பண்ணையாள் அம்மாசி. அதுவரை அவர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஊர்க் கோயிலுக்குள்ளும் அவரை விடமாட்டார்கள்.

"ஏனுங்க சாமி, நானும் பாக்கலாமுங்களா?"

"தாராளமா வாங்க. அதுக்குத்தானே வெச்சிருக்கு" என்றேன்.

மறுநாள் வெளுத்த வேட்டியோடு வந்தார். ராமர் முன்னால் குனிந்து நின்றார்.

"மொதல்ல பாதமுங்க. மொகம் கடைசீலதானுங்க பாக்கோணும்" என்றார்.

பாதத்தை வெகுநேரம் பார்த்தார். அவசரமே இல்லை. பட்டின் மடிப்பு, இடுப்பு, கல் பதித்த மாலை என்று கண் மெல்ல ஏறியது. அந்த நேரம் பார்த்துச் சின்னண்ணன் உள்ளே வந்தார்.

"எவண்டா இவனை உள்ள உட்டது? எங்க ஊட்டுச் சாமியை இவன் பாக்கறதா?"

இவர் தலையில்தானே உங்கள் சாமி வந்து இறங்கியது, அப்போது ஒட்டாத தீட்டா என்று கேட்டிருக்க வேண்டும்.

"படத்தை மூடுங்க வாத்தியாரே. இல்லீன்னா இப்பவே எடுத்துக்குவேன். படம் குடுத்த மத்தவங்களும் எடுத்துக்குவாங்க."

அம்மாசி என்னைப் பார்த்தார்.

"மொகம் இன்னும் பாக்கலீங்க சாமி. ஒரே ஒருக்கா."

வெறும் சுவர்களோடு நிற்கும் கண்காட்சி என் கண் முன்னால் வந்தது. தூசிக்காக வைத்திருந்த துணியை எடுத்தேன். சின்னண்ணன் கையைக்கூட நீட்டவில்லை. நான்தான் மூடினேன்.