ஈறுக்கு அடியில்

கொறித்துக் கொறித்தே சாப்பிடுவதால் அவளுக்கு வீட்டில் குருவி என்றே பேர் விழுந்துவிட்டது. வயது ஐந்து முடிந்திருந்தும் எடை மூன்று வயதுப் பிள்ளைக்கு உரியதுதான். பஸ் ஓட்டும் அப்பா, வேலையிலிருந்து சீருடையோடு வந்து, அவளைக் குழந்தைகள் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் முன்னால் உட்கார வைத்தார்.

"எது கொடுத்தாலும் வேணாங்கிறா மேடம். சர்க்கரை போட்ட பால், ஜூஸ், இது ரெண்டும்தான் உள்ளே இறங்குது. வெறும் வயித்தோட கிடக்க வேணாமேன்னு நாள் பூரா அதையே கொடுக்கிறோம். சரியான அடம்."

டயட்டீஷியனும் அடம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஆப்பிளை நறுக்கி நீட்டியதும் குழந்தை ஆசையாகக் கை நீட்டியது. வாயில் போட்டுக்கொண்டு, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் துண்டைக் கையில் துப்பி ஒளித்துக்கொண்டது.

"வாயைக் காட்டு கண்ணு."

போன் வெளிச்சத்தில் கடைவாய்ப் பற்கள் கறுத்துக் குழிந்திருந்தன.

"அடம் இல்ல சார். மெல்ல முடியல, வலிக்குது."

"ஒரு நாளும் சொன்னதில்லையே."

"வலி இல்லாம ஒரு நாளாவது இருந்திருந்தாத்தானே அவளுக்கு வித்தியாசம் தெரியும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பால் பல்லுதானே, எப்படியும் விழுந்துடும்ல?" என்றார்.

டயட்டீஷியன் இருவரையும் மாடியிலிருந்த பல் டாக்டரிடம் கையோடு கூட்டிப் போனாள். எக்ஸ்ரே திரையில் விரிந்தது. தெரிந்த பற்களின் வேருக்குக் கீழே, எலும்புக்குள், பெரியவர்களுக்கான பற்கள் மொட்டு மொட்டாக அடுக்கி நின்றன. ஒன்றிரண்டு, மூக்கையும் தாண்டி, கிட்டத்தட்ட கண்ணுக்குக் கீழே இருந்தன. படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம்தான். ஆனால் தான் இத்தனை வருஷமாக எடை பார்த்து அனுப்பிய பிள்ளைகள் ஒவ்வொருவர் முகத்துக்குள்ளும் இது நடந்துகொண்டிருந்தது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"இவ்வளவும் என் பொண்ணு முகத்துக்குள்ளயா இருக்கு?" என்றார் அப்பா, மெதுவாக.

"ஆமா. இந்தப் பால் பல்லுங்கதான் அதுக்கெல்லாம் இடம் பிடிச்சு வச்சிருக்கு. இங்க சீழ் வச்சா அடியில இருக்கிறதுக்கும் ஆபத்து," என்றார் பல் டாக்டர்.

சில பற்களை அடைத்தார்கள், சிலவற்றுக்கு உறை போட்டார்கள். இனிப்புப் பாலும் ஜூஸும் மெல்ல மெல்லக் குறைந்து, நடுவில் தாகத்துக்குத் தண்ணீர் என்றானது. படுக்கும் முன் அப்பாவே பல் துலக்கிவிட்டார்.

அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் எடை ஏறியிருந்தது. ஒரு நாள் குழந்தை தராசிலிருந்து இறங்காமலே கீழுதட்டை இழுத்துக் காட்டியது. முன்பல் ஒன்று ஆடியது. அதன் பின்னால் ஈறைக் கிழித்துக்கொண்டு, நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளை விளிம்பு.

"வந்துடுச்சு," என்றார் அப்பா. டயட்டீஷியன் குனிந்தாள். வெளியே வரிசை காத்திருந்தது. அவளுக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.