சொட்டாத குழாய் பற்றி ஒரு பிரமாணப் பத்திரம்

1

இந்தக் கதை பொறுக்கிய சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் சட்டக் கல்லூரியில் வாரத்துக்கு ஒரு மதியம் இலவச சட்ட உதவி மையம் நடக்கும். மாணவர்கள் மனு எழுதுவோம். சீனியர் வக்கீல் சிவப்பு மையால் அடிப்பார். இலவசம் என்பதால் மக்கள் எங்களைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஓர் அக்காவுக்காக நான் எழுதிய பிரமாணப் பத்திரத்திலிருந்து சீனியர் அடித்துத் தள்ளிய வரிகளைக் கொண்டுதான் இதை ஒப்பேற்றுகிறேன். கோர்ட்டுக்கு உதவாதது இலக்கியத்துக்கு ஆகும் என்று ஒரு நம்பிக்கை.

2

தொடக்கங்கள்:

(அ) ஒரு பிளம்பர் ஆற்றில் மூழ்கி— வேண்டாம். உடல் எங்கே என்பார்கள்.

(ஆ) வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு, அந்தப் பிளம்பர் சௌக்கியமாக— அக்கா படித்தால் எனக்கு வக்கீல் தேவைப்படும்.

(இ) பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன பிளம்பர் திரும்பி வரவில்லை. ஏழு வருடம் ஆகிறது.

நடந்தது மூன்றாவதுதான். அதனால்தான் சப்பென்று இருக்கிறது.

[நாளைக்குப் பாக்குறேன்–]

3

சட்டம் எளிமையானது. ஒருவரைப் பற்றித் தகவல் வந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருடமாக எதுவும் வரவில்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் வைத்துக்கொள்ளும். சிறுகதைச் சட்டம் இன்னும் கறார். ஏழு பத்தி தலைகாட்டாத பாத்திரத்தை வாசகரே அடக்கம் செய்துவிடுவார்.

அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர். புருஷன் செத்ததாக அறிவிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையில்லை. அவருக்கு வேண்டியது ஒரு சுவர். வீடு பிளம்பர் பெயரில் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவர் விரிசல் விட்டு, வயிறு தள்ளி நிற்கிறது. இருப்பது ஒரே அறை. சுவருக்கு அடியில்தான் மகள் படுக்கும் கட்டில். இடித்துக் கட்ட உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்கிறது அலுவலகம்.

"உரிமையாளரைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க தம்பி. காணாமப் போயிட்டார்னேன். சரி, கிடைச்சதும் கூட்டிட்டு வாங்கன்னாங்க."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"டோக்கன் குடுங்கன்னேன்."

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கே சுவர் இருப்பதுதான் பிரச்சினை.

கடைசியாக அவர் என்ன பேசினார் என்று கேட்டேன். அதையும் பத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

"ஊரு குழாயெல்லாம் சரி பண்ணுவார். எங்க வீட்டுக் குழாய் கல்யாணமான நாள்லேருந்து சொட்டுது. கேட்டா, 'நாளைக்குப் பாக்குறேன்'பார். போன அன்னிக்கும் அதைத்தான் சொல்லிட்டுப் போனார்."

சீனியர் அந்த வரியை அடித்தார். ஓரத்தில் குறிப்பு: "மரணத்துக்கும் குழாய்க்கும் என்னப்பா சம்பந்தம்?"

4

விரிசலைப் படம் எடுக்க ஒரு நண்பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். விரிசலுக்குள் என் விரல் போனது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அதைப் பார்ப்பதுபோல் இருந்தது. (பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்வோம்.) படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது, வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"அக்கா, அந்தக் குழாய்?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "மனு எழுதக் குடுத்தேன்ல, மறுநாள் காலையில நின்னிருந்துச்சு."

"யாரை வெச்சு சரி பண்ணீங்க?"

"யாரையும் வெக்கல. உள்தாழ்ப்பா போட்டது போட்டபடி இருந்துச்சு."

"வாஷர் அதுவா—"

"குழாய் அதுவா சரியாகுமா தம்பி? காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?"

சமையல் மேடைக்கு மேலே புது நட்டு பளபளத்தது. மரையைச் சுற்றி வெள்ளை டேப். அதன் நுனி வெட்டப்படாமல் விரல் நீளத்துக்குத் தொங்கியது. காற்றே இல்லாத அந்த மூலையில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் கையை எடுத்ததுபோல.

"வால் விட்டுருக்கு பாத்தியா? அவர் டேப்பை வெட்ட மாட்டார். அடுத்து வர்றவனுக்கு இது யார் வேலைன்னு தெரியணுமாம்." குரலைத் தாழ்த்தினார். "பாப்பாவுக்குத் தூக்கம் போச்சு தம்பி. பொறந்ததுலேருந்து அந்தச் சொட்டுச் சத்தத்துலதான் தூங்கிச்சு. இப்ப, 'யாரும்மா மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க'ன்னு கேக்குது."

"நீங்க குழாயைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்ல. திறந்தா மறுபடி சொட்டும். சொட்டினா அவர் மறுபடி வரணும்."

5

முடிவு ஒன்று: பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டுச் சரிசெய்தார். மனு ஜெயிக்கும். சுவர் எழும்பும். ஆனால் தன் வாசல் பல்பையே மாற்றாத மனிதர் அவர், பாத்திரமாக எடுபடாது.

முடிவு இரண்டு: பிளம்பர் உயிரோடு இருக்கிறார். மனு தோற்கும். சுவர் தன் இஷ்டப்படி விழும். அதன் இஷ்டம் கட்டில் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது.

முடிவு மூன்று: அவர் இறந்துவிட்டார். பாக்கி வேலையை முடிக்க வந்தார். அப்படியானால் மனுவில் இருப்பது உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு ஒரே சாட்சி

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

சீனியரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "சார், ஒரு சத்தம் நின்னுபோனா அது தகவலா?"

"யார் கேக்குறது? கட்சிக்காரரா, நீயா?"

"கதைக்காக சார்."

"கதையில எதுவேணா தகவல்தான்ப்பா. பத்திரத்துல எழுதினா சுவர் கிடைக்காது." பத்திரத்தில் நான் எழுதியிருந்த நான்காம் பத்தியின் மேல் சிவப்புக்கோடு இழுத்தார். அதைத்தான் நீங்கள் மேலே நான்காம் பகுதியாகப் படித்தீர்கள்.

6

'அவரைப் பற்றி ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லை' என்ற வரியில் அக்காவின் பேனா நின்றது.

"இது பொய்யா தம்பி?"

எனக்கு அதற்கான பாடம் அடுத்த செமஸ்டரில் வருகிறது.

"பாப்பா தலைக்கு மேலதான் அந்தச் சுவர்" என்றார் அவரே, யாரிடமோ. கையெழுத்துப் போட்டார்.

விரலில் மை ஒட்டியிருந்தது. மையத்தின் தாழ்வாரத்துக் குழாய்வரை போனார். அதன் தலையில் கை வைத்தார். திறக்காமல், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

7

இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது. சோம்பேறி எழுத்தாளன் தனக்கே போட்டுக்கொண்ட குறிப்பு என்று நினைத்திருப்பீர்கள். நான் அதை எழுதவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் அடித்தேன். புதிதாக எழுதினால் அதே இடத்தில் மறுபடி நிற்கிறது, கடைசி எழுத்துக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட சின்னக் கோட்டோடு.

ஏழு வருடத்தில் பிளம்பர் பேசியது அது ஒன்றுதான். அதைப் பேசியது உங்களிடம்.

திங்கட்கிழமை விசாரணை. அவரைப் பற்றி யாருக்காவது ஏதாவது தகவல் வந்ததா என்று நீதிபதி கேட்பார். இல்லை என்பார் அக்கா. நான் எழுதிக் கொடுத்தவன். என்னை யாரும் கேட்க மாட்டார்கள். மிச்சம் இருப்பது நீங்கள். உங்கள் பதிலை இந்தப் பக்கத்தின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். விரிசலுக்கு அடியில் ஒரு குழந்தை தூங்காமல் படுத்திருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எது எழுதினாலும், எழுதி முடித்ததும் கை கழுவத் தோன்றும். குழாயைத் திறக்க வேண்டாம்.