சாய்ந்த இதழ்த் தோடு

கால் எலும்பு முறிந்து பஸ் டிரைவர் வீட்டில் உட்கார்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. சும்மா இருப்பது அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. முதல் வாரம் டிவி, இரண்டாம் வாரம் மனைவியோடு வாக்குவாதம். மூன்றாம் வாரம், நகம் அழகுபடுத்தும் கடையில் வேலை பார்க்கும் அந்த மனைவியே, கடையில் ஓரங்கட்டிய புற ஊதா விளக்கையும் ஒரு குப்பி ரெசினையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“தேன் மாதிரி இருக்கும். விளக்கடியில ரெண்டு நிமிஷம் வச்சா கல்லாயிடும். கையுறை போட்டுக்கோங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. என்னை மட்டும் விட்டுடுங்க.”

டிரைவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். சீக்கிரமே வீட்டிலிருந்த எல்லாச் சாவிகளிலும் கண்ணாடி மாதிரி ஒரு ரெசின் துளி தொங்கியது. பூட்டே இல்லாத சாவியில்கூட.

அப்போதுதான் மாமியார் வந்து சேர்ந்தார். மாமியாரும் மாப்பிள்ளையும் இத்தனை வருஷத்தில் “சாப்பிட்டீங்களா”, “ஆச்சு” என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. வந்த மறுநாளே மாமியாரின் கண்ணாடிப் பூத்தோட்டில் ஓர் இதழ் கழன்று விழுந்தது.

“அவர்கிட்ட குடும்மா, ஒட்டித் தருவாரு,” என்று சொல்லிவிட்டு மகள் வேலைக்குக் கிளம்பினாள்.

மாமியார் மாப்பிள்ளையின் தடித்த விரல்களைப் பார்த்தார். “ஸ்டியரிங் பிடிக்கிற கை…” என்று இழுத்தார். ஆனாலும் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் படுக்கப் போனார்.

டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தோட்டில் ஒரு சொட்டு விட்டு, இடுக்கியால் இதழை வைத்தார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்துவதற்குள் டிப்போவிலிருந்து போன். பேசிவிட்டுத் திரும்பினால், மேகம் விலகி மேசைமேல் பளீரென்று வெயில். இதழைத் தொட்டார். அசையவில்லை. விளக்கு செய்ய வேண்டிய வேலையை வெயிலே முடித்துவிட்டிருந்தது.



“ஆச்சா மாப்ள?” வாசற்படியில் மாமியார்.

“அத்தை… கோணிக்கிச்சு. வெயில் பட்டு இறுகிடுச்சு. போன் பேசினது என் தப்புதான்.”

மாமியார் தோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“இது ஒயிலாத்தான் இருக்கு. அந்தக் காதுல இருக்கிறதுதான் விறைச்சுக்கிட்டு நிக்குது.”

சொன்னவர் மற்ற தோட்டைக் கழற்றி, மகளின் நக அரத்தால் நெம்பினார். டக்கென்று ஓர் இதழ் மேசையில் விழுந்தது.

“அத்தை!”

“இதையும் அதே மாதிரி சாய்ங்க. ஜோடியா இருக்க வேணாமா?”

டிரைவர் மறுபடி இடுக்கியை எடுத்தார். மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜன்னலை மறைத்து உட்கார்ந்தார். “நான் குண்டா இருக்கிறது இதுக்காவது உதவட்டும்.”

டிரைவர் இதழை வைத்தார். மாமியார் குனிந்து பார்த்து, பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல… போகலாம், போகலாம்… ஹோல்ட் ஆன்!”

டிரைவர் சிரித்த சிரிப்பில் இதழ் மறுபடி நகர்ந்துவிட்டது. மூன்றாம் தடவைதான் சரியாக அமைந்தது. பத்திரமாக விளக்கடியில் தள்ளினார். இரண்டு நிமிஷமும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மாமியார் புதுத் தோட்டோடு பழைய தோழிகளைப் பார்த்துவிட்டு, கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பினார். பிரித்தால், கல் போன ஒரு மோதிரம், முனை உடைந்த கொண்டை ஊசி, ஒற்றைக் கம்மல்.

“மாப்பிள்ளை டிசைன்னு சொன்னேன். சும்மா மொய்ச்சிட்டாங்க.”

“அத்தை, என் கால் சரியாகிற வரைக்கும் நீங்க ஊருக்குப் போகக் கூடாது,” என்றார் டிரைவர்.

“போறேன்னு யார் சொன்னா?” என்று மாமியார் மோதிரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.