தையல்காரர் அளவெடுத்த சைக்கிள்

சைக்கிள் கடையின் நடுவில் நின்றிருந்த மலைச் சைக்கிளை ஒரு தையல்காரர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். சீட்டிலிருந்து பெடலுக்கு ஓர் அளவு, சீட்டிலிருந்து கைப்பிடிக்கு ஓர் அளவு. அளந்ததையெல்லாம் தன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரிசையாகக் குறித்துக்கொண்டார். கழுத்தில் டேப் தொங்காமல் அவரைத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. அதனால் அவருக்குப் பெயரே டேப் என்று ஆகிப் பல வருடங்கள் ஆயிற்று.

“என்ன டேப்பு, சைக்கிளுக்கு சட்டை தைக்கப் போறியா?” என்றார் கடைக்காரர்.

“வீட்டுக்காரிக்குத்தாண்ணே. மேட்டு வழியில ஏறணும். எது சரிப்படும்னு பாத்துக்கறேன்.”

அவர் மனைவி அரசுச் செவிலி. மலைமேல் இருக்கும் பதினொரு வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அவள் வேலை. மழையில் பாலம் இடிந்து பஸ் நின்றுபோனது. கல்லும் மண்ணுமான குறுக்கு வழி ஒன்றுதான் மிச்சம். இரண்டு வாரம் நடந்தே பார்த்தாள். பதினொரு வீட்டில் ஆறு வீட்டை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சொந்தமாக வண்டி இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் மலை வீடுகளுக்குப் போகும் சுற்றையே நிறுத்திவிடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்ட கடைக்காரர் கையிலிருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு வந்தார். கியர் எப்படி மாற்றுவது, இறக்கத்தில் எந்த பிரேக்கை முதலில் பிடிப்பது, டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் சொன்னார்:

“இதெல்லாம் கெடக்கட்டும். அவங்கள ஒரு நடை கூட்டிட்டு வா. ஏறி உக்காரட்டும். ரெண்டு நாள் ஓட்டட்டும். முட்டி வலிச்சா வேற சைஸ் மாத்தித் தரேன். ஆளப் பாக்காம சைஸ் சொல்ற பழக்கம் எங்கிட்ட கெடையாது.”

“கண்டிப்பாண்ணே” என்று சொல்லிவிட்டு வந்த தையல்காரர், வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து ஆன்லைன் கடையைப் பார்த்தார். அதே மாதிரி சைக்கிள், அதே நிறம், கடையைவிடக் குறைந்த விலை, வீட்டு வாசலிலேயே வந்து இறங்கும் என்று போட்டிருந்தது. தன்னிடம் வந்து அளவை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு ரெடிமேட் சட்டைக்கு ஆர்டர் போடுகிறவர்களை அவர் வாய்வலிக்கத் திட்டுவது வழக்கம். அன்றைக்கு அது அவர் நினைப்பில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“கடைக்காரருதான் ஒரு தடவை வரச் சொன்னாராமே” என்றாள் மனைவி.

“நீ எதுக்கு? இத்தன வருஷமா ஊருக்கே அளவு எடுக்கறவன் நான். எம் பொண்டாட்டி அளவு எனக்குத் தெரியாதா?”

ஆர்டர் பக்கத்தில், காலின் உட்புற நீளத்தைக் கேட்கும் உள்கால் அளவு என்று ஒரு கட்டம் இருந்தது. அவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அவளுடைய சல்வார் கால்சட்டைக்கு எடுக்கிற அளவை அப்படியே போட்டார். தையல்காரனின் உள்கால் அளவு கணுக்காலோடு நின்றுவிடும், சைக்கிள்காரனின் அளவு தரை வரைக்கும் போகும் என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. கட்டம் அவர் போட்டதை வாங்கிக்கொண்டு, உங்களுக்கு ஏற்றது சிறிய சைஸ் என்று பச்சை எழுத்தில் பதில் சொன்னது.

நான்காம் நாள் பெட்டி வந்தது. நல்ல கெட்டி அட்டை. சைக்கிளை மாட்டி முடித்த கையோடு அந்த அட்டையைப் பார்த்த தையல்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. காலருக்கும் மணிக்கட்டுப் பட்டிக்கும் சட்டைக்கைக்கும் துணிமேல் வைத்து வரையும் பேட்டர்ன் வெட்ட இப்படி ஓர் அட்டை கிடைத்து எத்தனை நாள் ஆயிற்று. சாயங்காலத்துக்குள் பெட்டி முழுவதும் பேட்டர்னாகி ஆணியில் தொங்கியது.

மறுநாள் மலைக்குப் போய் வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க, முட்டி ரெண்டும் கைப்பிடியில இடிக்குது. சின்னப் புள்ள வண்டியில குந்தியிருக்கற மாதிரி இருக்கு. மேல் வீட்டு ஆளு பாத்துட்டு சிரிக்கறாரு.”

தையல்காரர் போனில் புகார் எழுதினார். உடனே பதில் வந்தது. தங்கள் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். பொருளை அது வந்த பெட்டியிலேயே வைத்துத் தரவும். பெட்டி இல்லை என்று எழுதினார். தங்கள் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். பெட்டி இல்லாமல் திரும்பப் பெற இயலாது. யாரிடமாவது வாயால் பேச முடியுமா என்று எழுதினார். அதற்கும் வருந்தினார்கள். சுவரில் தொங்கிய காலரையும் சட்டைக்கையையும் ஒட்டிப் பெட்டியாக்க முடியுமா என்றுகூட ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சீட்டை உயர்த்தினார். சீட் கம்பியில் ஓர் இடத்தில் கோடு போட்டிருந்தது. கோட்டுக்குமேல் இழுக்காதே என்பதுதான் அதற்கு அர்த்தம். அவருக்குத் தெரிந்த உலகத்தில் அப்படிப்பட்ட கோட்டுக்கு வேறு அர்த்தம். தைக்கும்போது உள்ளே இரண்டு அங்குலம் மடித்து விடுவார்கள். ஆள் வளர்ந்தால் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். அந்த நினைப்பிலேயே கோட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் இழுத்து முடுக்கினார்.

“இப்ப ஏறிப் பாரு.”

ஏறினாள். கால் நன்றாக நீண்டது. முட்டி இடிக்கவில்லை. “பரவாயில்ல, டேப்புக்குக் கை ராசிதான்” என்று அவளே சிரித்தாள்.

பதினெட்டு நாள் ஓடியது. பதினொரு வீட்டுக்கும் இருட்டுவதற்குள் போய்வந்தாள். பத்தொன்பதாம் நாள் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபோது சீட் கம்பி இறங்கியிருந்த குழாய் விரிந்து பிளந்தது. மருந்துப் பை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு முறிந்தது. கல் உடைக்கிறவர்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து கீழே சேர்த்தார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அலுவலகத்தில் அவர்களால் ஆனதைச் சொன்னார்கள். பதிலாக வேறொரு செவிலியை அனுப்புகிறோம். திங்கட்கிழமைக்குள் சைக்கிள் தயாராக இருந்தால் அவள் மலைக்குப் போவாள். இல்லையென்றால் சுற்று நிற்கும்.

அன்று சனிக்கிழமை. தையல்காரர் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு போய்க் கடையில் இறக்கினார். கடைக்காரர் பிளந்த குழாயைப் பார்த்தார், சீட் கம்பியை உருவிக் கோட்டைப் பார்த்தார், பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

“எங்க வாங்குன?”

தையல்காரர் போனை எடுத்துக் காட்டினார்.

“சைஸ் யாரு சொன்னா?”

“நான்தாண்ணே போட்டேன். உள்கால் அளவு.”

“எதுவரைக்கும் எடுத்த?”

அவர் தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். சிரிக்க வாயெடுத்த கடைக்காரர் சிரிக்கவில்லை.

“இது அலுமினியம்ப்பா. எங்கிட்ட இருக்கற மெஷின்ல இத ஒட்ட முடியாது. ஒட்டிக் குடுத்தாலும் பாதி மலையில திரும்பவும் பிச்சுக்கும். இன்னொரு பொம்பளப்புள்ள கையையும் ஒடைக்கணுமா?”

“அப்ப வேற ஒண்ணு குடுங்கண்ணே. என்ன வெலையானாலும் சரி. இப்பவே எடுத்துட்டுப் போறேன்.”

“எத எடுத்துட்டுப் போவ?” கடைக்காரர் கடையைக் கைகாட்டினார். மூன்று சக்கர வண்டிகளும் காற்றடிக்கும் பம்ப்பும் நான்கைந்து பழைய சைக்கிள்களும்தான் நின்றன. “மலைச் சைக்கிளு எல்லாத்தையும் போன வாரம்தான் மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்புனேன். வருவாங்க, ஏறிப் பாப்பாங்க, எல்லாத்தையும் கேட்டுக்குவாங்க, போயிருவாங்க. பாக்கறவங்களுக்காக எத்தன நாளு வாங்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க முடியும்? இப்ப சொல்லிவிட்டா வர்றதுக்குப் பத்து நாளாவது ஆகும்.”

“எம்மேல கோவமாண்ணே?”

“கோவப்பட்டா இது ஒட்டிக்குமா?” என்றார் கடைக்காரர். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தையல்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைக்காரர் நிஜமாகவே வழி தேடினார். தெரிந்த மூன்று கடைகளுக்குப் போன் போட்டார். ஒரு கடை மூடிவிட்டது. மற்ற இரண்டிலும் மலைச் சைக்கிள் வைப்பதில்லை.

பிளந்த வண்டியை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தபோது, மனைவி இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் மலைமேல் கடைசி வீட்டுக்காரி. புருஷன் முதுகுப் புண்ணோடு படுத்திருக்கிறான்.

“திங்கக்கெழம யாராச்சும் வந்துருவாங்கல்ல நர்ஸம்மா?”

அவள் கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். தையல்காரரே போனை வாங்கினார்.

“யாரும் வர முடியாதும்மா. சைக்கிள் ஒடஞ்சிருச்சு. தப்பு எம்மேலதான். கடைக்காரரு வெவரமா சொன்னாரு, கூட்டிட்டு வரச் சொன்னாரு, நான்தான் கேக்காம வேற எடத்துல வாங்கி…”

“எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியல சார்” என்றது அந்தக் குரல். அதில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. “கட்டு ஈரமாயிருக்கு. நேத்துலேர்ந்து வாட வருது. நான் இப்ப என்ன பண்ணணும், அத மட்டும் சொல்லுங்க.”

அவர் போனை மனைவியின் காதோரம் வைத்துப் பிடித்துக்கொண்டார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவு, தண்ணியைக் கொதிக்க வைத்து ஆற வை, துணியை இழுக்காமல் நனைத்து நனைத்து எடு, புண் எந்த நிறத்தில் இருக்கிறது பார்த்துச் சொல் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பக்கம் அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் செய்தாள். நிறத்தைக் கேட்டதும் புண் அழுகத் தொடங்கிவிட்டது என்று செவிலிக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வர நாலு பேரைப் பார் என்றாள். தூக்கத் தெம்புள்ள கல்லுடைக்கிறவர்கள் சந்தைக்குப் போயிருக்கிறார்கள், திங்கட்கிழமைதான் வருவார்கள் என்றாள் அந்தப் பெண். போன் நின்றது.

“என்னத் திட்டவாவது செய்யி” என்றார் தையல்காரர்.

“திட்டி என்னங்க ஆகப் போகுது?” அவள் மாவுக்கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “ஆன்லைன்ல வாங்கறதே தப்புன்னு நான் சொல்லல. தெரிஞ்சவங்க வாங்குனா வாங்கிக்கட்டும். ஆனா ஒருத்தருகிட்ட ஒரு மணி நேரம் ஒக்காந்து கத்துக்கிட்டு, அவருகிட்ட வாங்காம வந்தோம் பாருங்க, அது தப்பு. வெல கம்மின்னு அங்க போயி, இந்தக் கடையில நாம ஒதுக்குனது சைக்கிள மட்டும் இல்ல. ஏறி ஒக்காந்து பாருன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, ஒடஞ்சா தூக்கிட்டு ஓடறதுக்கு ஒரு எடம், அதையும் சேத்துத்தான் ஒதுக்கிட்டோம். எல்லாரும் இப்படியே பண்ணுனா, அவசரத்துக்குப் போயி நிக்கறப்ப கடையில எதுவும் இருக்காது. அத நாமளேதான் காலி பண்ணியிருப்போம்.”