மூடியில் எழுதிய எண்

அவளுக்கு ஆமை என்று பேர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவருக்கு நல்ல கண். வகுப்பில் யாராவது அவள் பக்கம் திரும்பினால் போதும், கழுத்து தோளுக்குள் போய்விடும். வேதியியல் இரண்டாம் வருஷம். பரீட்சையில் மார்க்கை அள்ளிக்கொண்டு வருவாள், பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் காலை எடு என்று சொல்ல வாய் வராது. அப்படிப்பட்டவள் பல்கலைக்கழகத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் குழுவில் சேர்ந்தாள் என்றால் அது அவளுடைய அக்காவின் வேலை. நாலு வீட்டுக் கதவைத் தட்டினாலாவது இவள் தேறட்டும் என்று அக்காவே படிவத்தை நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லவும் ஆமைக்குப் பயம், போட்டுவிட்டாள்.

குழுவின் வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. சனிக்கிழமை ஒரு தெருவுக்குப் போய் வீட்டுக்கு வீடு கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வரவேண்டும், ஆய்வகத்தில் சோதிக்கவேண்டும், அடுத்த சனிக்கிழமை போய் முடிவைச் சொல்லவேண்டும். குழுத்தலைவி கடைசி வருஷத்துக்காரி, கறார். முதல் நாளே சொன்னாள்: வீட்டு எண்ணைப் பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் எழுதாதீர்கள், திறந்து மூடும்போது மூடி இடம் மாறிவிடும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆமையும் நன்றாகவே ஆட்டினாள்.

ஆட்டி என்ன பிரயோஜனம்? ஏழாம் எண் வீட்டில் பாட்டில் நனைந்து, பேனா பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்காரி கைக்குழந்தைக்காரி. தொட்டிலுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவள், கையைக்கூடக் கழுவாமல் வந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். துடைக்க ஒரு துணி கேட்டிருந்தால் தந்திருப்பாள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஆமை மூடியில் 7 என்று எழுதினாள். ஒன்று எழுதியாயிற்று, இன்னொன்றுக்கென்ன என்று, தபால்காரர் ஒருவர் தனியாக இருக்கிற ஒன்பதாம் எண் வீட்டிலும் அப்படியே செய்தாள்.

சோதனையில் ஒன்பதில் நைட்ரேட் அளவுக்கு மீறி இருந்தது. ஏழு சுத்தம். அடுத்த சனிக்கிழமை இரண்டு வீட்டுக்கும் ஆமைதான் போய்ச் சொன்னாள். கைக்குழந்தைக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை மதியம் சலவை நிலையத்து வேலைக்குத் திரும்புகிறாளாம், அன்றையிலிருந்து பிள்ளைக்குப் புட்டிப்பால்தானாம், தண்ணீரை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தாளாம்.

அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. ஆய்வகத்துக் குளிர்பெட்டியைக் காலி செய்யும் முறை ஆமைக்கு. மீந்த தண்ணீரைக் கொட்ட ஒவ்வொரு பாட்டிலாக எடுத்தவள், மூடியில் 9 என்றிருந்ததைத் தூக்கினாள். பாட்டிலின் வயிற்றில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கட்டைவிரல் ரேகை அச்சடித்தாற்போல் இருந்தது.

முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, இது ஏழாம் எண் வீட்டுப் பாட்டில். சோதிக்கும்போது ஏழையும் ஒன்பதையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தது ஞாபகம் வந்தது. மறுபடி சோதித்தாள். மஞ்சள் ரேகைப் பாட்டில் தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிட்டது, நைட்ரேட் எக்கச்சக்கம் என்று அர்த்தம். பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்கு ரத்தத்தில் பிராணவாயு குறைந்து, உதடு நீலம் பாய்ந்து, மூச்சுக்கே ஆபத்து. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட ஏறத்தான் செய்யும். பரீட்சையில் இதை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் அவள்.

தலைவியின் போன் அணைந்து கிடந்தது. அந்த வீட்டுப் போன் நம்பரை வாங்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. ஆமை பாட்டிலோடு தொட்டிமுன் நின்றாள். இதைக் கொட்டிக் கழுவிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பொய் சொல்வானேன், அந்த எண்ணம் வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, மூடியைத் திருகக்கூடச் செய்தாள். ரேகை விரலில் தட்டுப்பட்டது. மூடியை இறுக்கி, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. திட்டுவாளோ, தெருவைக் கூட்டுவாளோ, போலீசுக்குப் போவாளோ என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பயம் புதிதாக ஏறிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் அடியில், பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்கிற பயம் மட்டும் இறங்கவேயில்லை.

கதவு திறந்ததும் கைக்குழந்தைக்காரி முகம் மலர்ந்துபோய் உள்ளே இழுத்தாள். வெயிலில் வந்திருக்கிறாயே என்று ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் திணித்தாள். அடுப்பில் பாத்திரம் தளதளவென்று கொதித்தது. பக்கத்தில் பால்மாவு டப்பா திறந்திருந்தது. புட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆமை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இந்தத் தண்ணிய பாப்பாவுக்குக் குடுக்காதீங்க. நான் தப்பு பண்ணிட்டேன்."

"கொதிக்க வெச்சுத்தானே குடுக்கப்போறேன்."

"கொதிக்க வெச்சா இன்னும் மோசம். மூடி மாறிப்போச்சு. கெட்ட தண்ணி உங்களுதுதான்."

அவள் அடுப்பை அணைக்கவில்லை. உள்ளே ஓடினாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள், உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். பழக்கட்டுமே என்று நேற்று ஒரு புட்டி கொடுத்தேனே என்றாள், குரல் அவளுடையதாகவே இல்லை. அடுப்பை அணைத்தது ஆமை, மருத்துவமனைக்குப் போன் போட்டு நர்சிடம் தண்ணீரிலிருந்த நைட்ரேட் அளவைத் தடுமாறாமல் சொன்னதும் அவள்தான். பிள்ளையின் நிறம், மூச்சு, விளையாட்டு எல்லாம் நர்ஸ் கேட்டாள். ஒரு புட்டியோடு நின்றது நல்லதாயிற்று, இப்போது பயமில்லை, ஆனாலும் உடனே கொண்டு வந்து காட்டுங்கள் என்றாள். பிள்ளை இதெதுவும் தெரியாமல் ஆமையின் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் வசவு ஆரம்பித்தது. படித்த பிள்ளை என்று நம்பினேனே, ஒரு துணி கேட்க உனக்கு என்ன கேடு, என் பிள்ளை உனக்கு விளையாட்டாகப் போய்விட்டதா என்று கொட்டித் தீர்த்தாள். அத்தனையும் நியாயம்தான். ஆமை அழுதுகொண்டே, கழுத்தை உள்ளே இழுக்காமல் நின்று கேட்டாள். முடிந்தது, பிழைத்தோம் என்று தோன்றிய நேரம், பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்போ ஒம்பதாம் நம்பர் தண்ணி நல்ல தண்ணியா?"

ஆய்வகத்திலிருந்து இந்த நிமிஷம் வரை ஆமை அந்தத் தபால்காரரை ஒரு தரம்கூட நினைக்கவில்லை.

"ஒம்பது நாளா அந்த மனுஷன் தெருமுனைக் குழாய்லேர்ந்து ரெண்டு கேன் தூக்கிட்டு நடக்குறாரு. முந்தாநாள் படியில விழுந்துட்டாரு. போ, அவருகிட்டயும் நீயே சொல்லு."

இரண்டு வாசல் தள்ளித்தான் அந்த வீடு. படிக்கட்டோரம் நசுங்கிய கேன் ஒன்று கிடந்தது. ஆமை தட்டினாள், சத்தம் கேட்கவில்லையோ என்று இன்னும் பலமாகத் தட்டினாள். தபால்காரர் மெல்ல வந்து திறந்தார். வலதுகை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நீ மட்டும் வந்து சொல்லாமலிருந்தால் அந்த விஷத்தைத்தான் இன்னும் குடித்துக்கொண்டிருப்பேன், உனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டே இருந்தேன் என்றார். உள்ளே வரச்சொல்லி நல்ல கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆமை உட்காரவில்லை.

"ஐயா," என்றாள், "உங்க தண்ணியில ஒண்ணுமே இல்ல."