ஸ்விட்ச் போட்டவுடன்

நாசமாய்ப் போன டயோடு! எத்தனை தடவை மாற்றினாலும் எரிந்துபோய்க்கொண்டே இருந்தது.

பாலக்கரையில் எனக்கு ரேடியோ ரிப்பேர்க் கடை. யாரோ ஒரு வாடிக்கையாளரின் பெட்டி என்றால் வைதுவிட்டு மூலையில் வைத்திருப்பேன். இது என் மகள் ஜீனத்துக்காக நானே கட்டிய ஆம்ப்ளிஃபையர். ஐந்து வயதாகியும் அவளுக்குக் காது கேட்கவில்லை, பேச்சும் வரவில்லை. என் மனைவி வஹீதா மைக்கில் பேசுவாள். குழந்தையின் காதில் ஹெட்ஃபோன் இருக்கும்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டு வந்தேன். பின்னே? என் பெட்டியில் அவளுக்குக் கேட்டதே! வஹீதா "ஜீனத்! அம்மாடி!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க, நான் ஸ்விட்சைப் போடுவேன். குழந்தைக்குத் தூக்கிவாரிப் போடும். உடனே கைதட்டிச் சிரிப்பாள். "என் குரல் கேட்டுடுச்சுங்க!" என்று வஹீதா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் எவ்வளவு பேசினாலும் குழந்தை திரும்பிப் பார்க்க மாட்டாள். "களைச்சுப் போச்சுங்க, பாவம்" என்பாள் வஹீதா. நானும் நம்பினேன்.

அம்மாவின் குரல் இரைச்சல் இல்லாமல் விழட்டும் என்று கரண்டைத் தேக்கிவைக்கும் கண்டென்ஸர்களைப் பெரிது பெரிதாகப் போட்டிருந்தேன். வந்தது வினை. ஸ்விட்ச் போட்ட மாத்திரத்தில், பட்டினி கிடந்தவன் சோற்றில் பாய்வதுபோல அவை கரண்டை மொத்தமாக இழுத்தன. வழியிலிருந்த டயோடு தாங்கவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து கடைக்கு வரும் ஸ்ரீரங்கராஜன், மெட்ராஸ் போனபோது ஒரு பவர் டிரான்சிஸ்டர் வாங்கிவந்து கொடுத்தார். "இதை நடுவில போடுங்கோ, குத்புதீன் பாய். கரண்ட் மெள்ள மெள்ள ஏறும். பெருமாள் கிருபையில குழந்தை பேசிடுவா" என்றார்.

போட்டேன். மீட்டர் முள் அவசரமில்லாமல் ஏறி நின்றது. டயோடு சூடாகக்கூட இல்லை. "மாஷா அல்லாஹ்!" என்று கத்தினேன்.

ஜீனத் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஜீனத்! அம்மாடி!" என்று வஹீதா கூப்பிட்டாள். சத்தத்தை முழுக்க வைத்தேன். குழந்தை என் கையைப் பிடித்து ஸ்விட்சின் மேல் வைத்தாள். அணைத்துவிட்டுப் போட்டேன். மறுபடியும் பிடித்து வைத்தாள். சிரிப்பு வரவில்லை.

"என்னாங்க ஆச்சு?" என்றாள் வஹீதா.

"முன்னாடி ஸ்விட்ச் போட்டா கரண்ட் குபீர்னு பாஞ்சு, ஹெட்ஃபோன்ல டொம்முன்னு ஒரு அதிர்வு வரும். இப்ப அது இல்ல."

"அதனால என்னங்க?"

"அது மட்டுந்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, வஹீதா."

"அப்ப நான் கூப்பிட்டது? ஒரு தடவகூடவா கேக்கல?"

யா அல்லாஹ்! ஸ்விட்சை இன்னொரு தடவை அணைத்துப் போட்டேன்.

ஜீனத் ஹெட்ஃபோனைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். வஹீதா மைக்கை விடவில்லை. குழந்தையின் முதுகைப் பார்த்து அழுதுகொண்டே கூப்பிட்டாள். என் மடியிலிருந்து அந்தக் குரல் கேட்டது. துளி இரைச்சல் இல்லை, அவ்வளவு தெளிவு.